வீட்டில் சாம்பிராணி தூபம்: கரி மூட்டுவது முதல் சாம்பல் அள்ளுவது வரை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் தூபக்காலோடு என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, அரை மணி நேரமா ஊதிட்டிருக்கேன். புகையா வருது, வாசனையே வரமாட்டேங்குது." உள்ளே எட்டிப் பார்த்தேன். கரி பாதிக்கு மேல் கறுப்பாகவே இருந்தது. அதன் தலையில் ஒரு கைப்பிடி சாம்பிராணி தார் மாதிரி உருகி ஒட்டிக் கிடந்தது. கண் சிவந்து, இருமி இருமி அவளுக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

இதே கோலத்தில் நான் பார்த்தவர்கள் அவளோடு சேர்த்து ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். எல்லோரும் செய்த தவறு ஒன்றுதான்: கங்கு தயாராகும் முன்பே சாம்பிராணியைப் போட்டுவிட்டார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் சாம்பிராணியைவிடக் கரியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. எந்தத் தூபம், எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பூசைக்கும் வீடு முழுக்கக் காட்டுவதற்கும் கங்கில் போடும் சாம்பிராணிதான் சரி. நிறைய மணம் சீக்கிரம் வரும், பத்து நிமிடத்தில் வேலை முடியும். தியானத்துக்கு அது தோதுப்படாது. மெல்லிய வாசனை நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்பதால் ஊதுபத்தியோ தசாங்கமோ (கூம்பாக அழுத்தி ஏற்றும் வாசனைப் பொடி) பொருந்தும்.

தினமும் கரி மூட்ட நேரமில்லாதவர்கள் அன்றாடம் ஒரு ஊதுபத்தி, வாரத்தில் ஒருநாள் சாம்பிராணி என்று வைத்துக்கொண்டால் போதும். தினமும் போட்டே ஆக வேண்டும் என்று ஆரம்பித்து, இரண்டாம் வாரம் தூபக்காலைப் பரணில் ஏற்றிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறையாக இருந்தாலும் முறையாகப் போடுவதுதான் கடைசிவரை நிலைக்கும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

தூபக்கால் ஒன்று. பித்தளை, இரும்பு, மண் எதுவானாலும் சரி, கைப்பிடி சூடேறாததாக இருக்க வேண்டும். மரப்பிடி போட்டதோ, பிடி நீளமானதோ பாருங்கள். பித்தளையில் அழகுக்காகக் குட்டையாகப் பிடி வைத்தவை வருகின்றன. ஐந்தே நிமிடத்தில் அதைத் தொட முடியாது. மண் தூபக்கால் புதியது என்றால் ஒருநாள் நல்ல வெயிலில் காயவைத்து, முதல்முறை ஒரே ஒரு சிறு கங்கை மட்டும் வைத்துப் பழக்குங்கள். ஈரம் உள்ளே இருந்தால் விரிசல் விடும்.

கொட்டாங்குச்சிக் கரி. நாட்டு மருந்துக் கடையிலும் பூசைச் சாமான் கடையிலும் கிடைக்கும். நெல்லிக்காய் அளவில் உடைத்த துண்டுகள் நான்கைந்து இருந்தால் ஒருநாளைக்குப் போதும்.

இடுக்கி, விசிறி, சின்னக் கரண்டி. பிறகு சலித்த சாம்பல் அல்லது காய்ந்த மணல் ஒரு கிண்ணம். தூபக்காலை வைக்க ஒரு செங்கல்லோ ஓட்டுத் துண்டோ. கை எட்டும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். கடைசியாகச் சொன்னதை யாரும் எடுத்து வைப்பதில்லை. தயவுசெய்து வையுங்கள். முந்தானை நுனியில் ஒரு பொறி விழுந்தால் அப்போது சமையலறைக்கு ஓட நேரமிருக்காது.

3. சாம்பிராணியைப் பார்த்து வாங்குங்கள்

பொடியாக வாங்காதீர்கள், கட்டியாக வாங்குங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தின் நடுவே வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் பதிந்திருப்பது தெரியும். மரத்திலிருந்து கசிந்து இறுகிய பிசினின் அடையாளம் அது. விரலில் தேய்த்து முகர்ந்தால் லேசான இனிப்பு வாசனை இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை ஒன்று செய்யுங்கள். மிளகு அளவு ஒரு துண்டை நல்ல கங்கில் வையுங்கள். உண்மையான சாம்பிராணி உருகிக் குமிழ்விட்டு வெண்புகையாகக் கிளம்பும். பைன் மரப் பிசின் கலந்த சரக்கென்றால் டர்பென்டைன் நெடி முன்னால் வரும், கண்ணைக் கரிக்கும், புகையும் கறுக்கும். அந்தச் சரக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பைன் பிசின் புகை மூச்சுக்குழாயை உறுத்தக்கூடியது.

பொடிப்பதற்குச் சிறு உரலோ இடிகல்லோ போதும். மிக்ஸியில் போட்டால் பிசின் சூட்டில் இளகி பிளேடில் அப்பிக்கொள்ளும், அப்புறம் அந்த ஜாரில் சட்னி அரைக்க முடியாது. ரவை பதத்துக்கு உடைத்தால் சரி. மாவாக்க வேண்டாம். மாவு கங்கில் பட்டவுடன் பொசுங்கிவிடும். ரவை பதமோ உருகி, நிதானமாக மணத்தை விடும்.

நான் கலக்கும் அளவு இது: சாம்பிராணி நான்கு பங்கு, வெள்ளைக் குங்கிலியம் ஒரு பங்கு. இரண்டும் பிசின் என்பதால் ஒரே டப்பாவில் இருக்கலாம். சந்தனத்தூள், நறுக்கிய வெட்டிவேர், காய்ந்த துளசி, நொச்சி இலை இவற்றைத் தனி டப்பாவில் வையுங்கள். பிசின் உருக வேண்டிய பொருள், இவை கனிய வேண்டிய பொருள். இரண்டுக்கும் சூடு வேறு வேறு என்பதால் ஒன்றாகக் கொட்டக் கூடாது. ஏன் என்பது ஏழாம் பகுதியில் தெரியும்.

4. அறையைத் தயார் செய்தல்

ஒரு ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்து வையுங்கள். புகை போய்விடுமே என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் போடுபவர்கள் இருக்கிறார்கள். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, அதனால் எச்சரிக்கையும் இல்லை. ஏசி ஓடும் மூடிய அறையில் கங்கு வைக்கவே கூடாது. படுக்கையறையில் கங்கை வைத்துவிட்டுத் தூங்கப் போவது உயிரோடு விளையாடுவது.

மின்விசிறியை நிறுத்துங்கள். சாம்பலும் பொறியும் பறக்காமலிருக்க அது அவசியம். காற்றில் திரைச்சீலை ஆடுமானால் அதையும் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

அடுத்தது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதான இருமல்காரர் யாராவது இருந்தால் அவர்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கட்டும். புகை அடங்கி, ஜன்னலெல்லாம் திறந்த பிறகு வரலாம். கூண்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டையே வெளியே எடுத்துவிட வேண்டும். பறவைகளின் நுரையீரல் புகையைத் தாங்காது.

குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்காத இளம் தாயே இல்லை. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். என் அம்மாவும் எனக்குக் காட்டியவள்தான், அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிஞ்சு நுரையீரலுக்குப் புகை புகைதான், அது சாம்பிராணியாக இருந்தாலும். தலையை மெல்லிய துணியால் துவட்டினாலே காய்ந்துவிடும்.

5. தூபக்காலை நிரப்புதல்

அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சாம்பலோ மணலோ பரப்புங்கள். இதைச் செய்யாமல் கங்கை நேரே பித்தளையில் வைத்தால் இரண்டு கெடுதல். உலோகம் சூட்டை இழுத்துக்கொள்வதால் கங்கு அடியிலிருந்து குளிர்ந்து அணையும். இழுத்த சூடு கைப்பிடிக்கும், கீழே இருக்கும் மரப் பலகைக்கும் போகும். சாம்பல் மெத்தை கங்கைச் சூடாகவும் தூபக்காலைக் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கும்.

சாம்பலை அழுத்தாதீர்கள். பொலபொலவென்று இருந்தால்தான் கீழிருந்தும் கொஞ்சம் காற்றுப் போகும். முதல்முறை சாம்பல் கையில் இல்லையென்றால் மணல் போதும், ஆனால் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும்.

6. கரியைப் பிடிக்க வைத்தல்

மொத்த வேலையும் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள். பூசை ஆறு மணிக்கு என்றால் கரியை ஐந்தே முக்காலுக்கு மூட்டுங்கள். சாமிக்குப் பூப் போட்ட பிறகு "அடடா, சாம்பிராணி" என்று கரியைத் தேடினால் எல்லாமே தலைகீழாகும். அந்தப் பதற்றத்தில்தான் கறுப்புக் கரியின் மேல் பொடியைக் கொட்டுகிறோம்.

கேஸ் அடுப்பு இருப்பவர்கள் அடுப்பின் மேல் சப்பாத்தி சுடும் கம்பி வலையை வைத்து, அதில் கரித் துண்டுகளை அடுக்கி, நடுத்தரத் தீயில் விடுங்கள். வலை இல்லாமல் நேரே பர்னரில் வைத்தால் கரித்தூள் பர்னர் துளைகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் சிவக்கும். இடுக்கியால் திருப்பிப் போட்டு இன்னும் மூன்று நிமிடம் விடுங்கள். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஓடட்டும்.

அடுப்பு வசதி இல்லாதவர்கள் தூபக்காலில் கரியைக் கூடாரம் மாதிரி சாய்த்து அடுக்கி, நடுவில் ஒரு கற்பூரத்தை வைத்துப் பற்ற வையுங்கள். ஒன்று எரிந்து முடிந்ததும் அடுத்தது. இரண்டு மூன்று தேவைப்படும். கற்பூரம் எரியும்போது கரும்புகை வரும் என்பதால் இதைப் பால்கனியிலோ வாசலிலோ செய்யுங்கள். மண்ணெண்ணெய், சானிடைசர், பெட்ரோல் எதையும் ஊற்றாதீர்கள். தீ குப்பென்று முகத்துக்கு ஏறும். அப்படி ஏறாவிட்டாலும் அந்த நாற்றம் கரியில் ஊறி, சாம்பிராணி மணத்தையே கெடுத்துவிடும்.

கடையில் வட்ட வில்லையாக விற்கும் உடனடிக் கரி வேறு வகை. அதில் வெடியுப்பு சேர்த்திருப்பார்கள். அதனால்தான் ஓரத்தில் நெருப்புக் காட்டியதும் சுறுசுறுவென்று பொறி ஓடி முழு வில்லையும் பற்றிக்கொள்கிறது. இடுக்கியில் பிடித்து, வெளியே வைத்துப் பற்ற வையுங்கள். பொறி ஓடி முடிந்ததும் தயார் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து நெடி போக இன்னும் ஐந்தாறு நிமிடம் ஆகும். மீதி வில்லைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஈரம் இழுத்தால் பாதியில் அணையும்.

எரிக்காத பச்சைக் கொட்டாங்குச்சியை நேரே போட விரும்புகிறவர்கள் நாரைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். முதலில் அது சுவாலையாக எரிந்து, கண்ணைக் கரிக்கும் புகை விடும். சுவாலை முழுக்க அடங்கிய பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டிய கங்கு. வறட்டியும் இதே மாதிரிதான், மாடி வீடுகளுக்கு ஒத்துவராது.

வாயால் ஊதாதீர்கள். அக்கினியை எச்சில்படுத்தக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். ஊதும்போது சாம்பல் நம் கண்ணுக்கே திரும்பி வரும் என்பது இன்னொரு காரணம். விசிறியைப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக வீசுங்கள். விசிறி இல்லையென்றால் ஒரு கெட்டி அட்டை.

இப்போது நிறத்தைப் பாருங்கள். முதலில் கறுப்பு. பிறகு ஓரங்கள் செம்மஞ்சளாக மினுங்கும், நடுப்பகுதி கறுப்பாகவே இருக்கும். நிறையப் பேர் இங்கேதான் போட்டுவிடுகிறார்கள். காத்திருங்கள். சிவப்பு உள்ளே பரவும், லேசான டிக் டிக் சத்தம் கேட்டு அடங்கும். அதன்பின் துண்டு முழுவதும் சாம்பல் நிறத்தில் மெல்லிய போர்வை போர்த்திக்கொள்ளும். விசிறினால் போர்வைக்குக் கீழே சிவப்பு மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான் பதம். கறுப்பு ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. கறுப்பு மிச்சமிருந்தால் கரியே இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புகையும் சாம்பிராணிப் புகையும் கலந்துதான் அந்தக் கருகல் வாடை வருகிறது.

மாடி வீட்டுப் பெண்ணை அன்று என் பக்கத்தில் உட்காரவைத்து இதைக் காட்டினேன். "இப்பப் போடலாமா அக்கா?" என்று மூன்று முறை கேட்டாள். நான்காவது முறை அவளே "இல்ல, இன்னும் அந்த மூலையில கறுப்பு இருக்கு" என்றாள். அதற்குமேல் நான் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை.

7. முதல் சிட்டிகை

கங்கை இடுக்கியால் சாம்பல் மெத்தையின் நடுவில் வையுங்கள். துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கட்டும். தனித்தனியாகக் கிடந்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

கரண்டியால் ஒரே ஒரு சிட்டிகை தூவுங்கள். டப்பாவை நேராகத் தூபக்காலுக்கு மேல் கவிழ்க்காதீர்கள். பிசின் தீப்பிடிக்கும் பொருள். ஒரே இடத்தில் நிறைய விழுந்தால் சுவாலையாக எழும், கையிலிருக்கும் டப்பாவுக்கும் தாவும். சுவாலை வந்துவிட்டால் பயப்பட வேண்டாம், ஒரு கரண்டி சாம்பலை மேலே போட்டால் அடங்கிவிடும்.

ஒரு துணுக்கை உற்றுப் பாருங்கள். விழுந்ததும் ஒரு நொடி அப்படியே இருக்கும். பிறகு வியர்க்கிற மாதிரி பளபளக்கும், உருண்டு துளியாகும், விளிம்பில் நுண்ணிய குமிழ்கள் விடும். அந்தக் குமிழ்களிலிருந்து பால் நிறத்தில் நூல் மாதிரி புகை எழும். முதலில் வருவதுதான் நல்ல மணம். குமிழ் அடங்கிக் கறுப்புக் கறையாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. அந்தக் கறையை இடுக்கியால் சுரண்டி ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த சிட்டிகை போடுங்கள். சுரண்டாமல் போட்டால் பழைய கறை கருகும் வாடை புது மணத்தோடு சேரும். இந்த ஒரு சின்ன வேலையை யாரும் சொல்லித்தருவதில்லை, செய்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

தூபக்காலுக்கு நேர் மேலே முகத்தை வைத்து முகராதீர்கள். சாம்பிராணியில் பென்சாயிக் அமிலம் இருக்கிறது. சூட்டில் அது ஆவியாகித் தொண்டையை உறுத்தும். கையெட்டும் தூரத்தில் நின்றால் மணம் மட்டும் வரும், இருமல் வராது.

சந்தனத்தூளும் வெட்டிவேரும் இப்போது வரலாம், ஆனால் கங்கின் தலையில் வேண்டாம். கங்கை ஒட்டியிருக்கும் சூடான சாம்பலின் மேல் போடுங்கள். அங்கே சூடு குறைவு என்பதால் அவை கருகாமல் மெதுவாகக் கனிந்து மணக்கும். நேரே கங்கில் போட்டால் சந்தனமாக இருந்தாலும் விறகு எரியும் வாடைதான் வரும்.

பத்துக்குப் பன்னிரண்டடி அறைக்கு மொத்தமே அரைத் தேக்கரண்டி சாம்பிராணி போதும், அதையும் மூன்று தவணையாக. ஐந்து நிமிடத்தில் வாசனை குறைந்துவிட்டதாகத் தோன்றும். குறையவில்லை, மூக்குப் பழகிவிட்டது. நம்பாதவர்கள் வாசலுக்குப் போய் நாலு மூச்சு விட்டுத் திரும்பி வாருங்கள். இது தெரியாமல் அள்ளி அள்ளிப் போடுவதுதான் கண்ணெரிச்சலில் கொண்டுபோய் விடுகிறது.

8. பூசையில் தூபம் எங்கே வருகிறது

ஐந்து உபசாரங்களின் வரிசை இது: சந்தனம், பூ, தூபம், தீபம், நைவேத்தியம். பூசை தொடங்கும் முன் குத்துவிளக்கு ஏற்றுவது தனி. அது பூசை முழுவதற்கும் எரியும் விளக்கு. உபசாரமாகக் காட்டும் தீபம் தூபத்துக்குப் பிறகு வருவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "விளக்கு ஏற்றியாச்சு, தூபத்தை மறந்துட்டேனே" என்று கலங்குகிறவர்கள் உண்டு. மறக்கவில்லை, அதற்கு இன்னும் நேரமிருக்கிறது.

சாமிக்குப் பொட்டு வைத்து, பூச் சாற்றியதும் புதிதாக ஒரு சிட்டிகை போடுங்கள். இடது கையில் மணி, வலது கையில் தூபக்கால். வலமாக மூன்று முறை சுற்றிக் காட்டுங்கள். மணி கனமாக இருந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாவிட்டால் வீட்டில் இன்னொருவர் அடிக்கட்டும். கங்கு இருக்கும் பாத்திரம் கையில் ஆடக் கூடாது.

படத்திலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் பிடியுங்கள். சாமியிடம் போக வேண்டியது புகைதான், பாத்திரமில்லை. நெருங்கினால் காய்ந்த மாலையிலும் பட்டுத் துணியிலும் பொறி விழ வாய்ப்புண்டு. அதுபோக, பிசின் புகை கண்ணாடியில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று படியும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

காட்டி முடித்ததும் தூபக்காலைச் செங்கல்லின் மேல், தரையில் வையுங்கள். மர அலமாரிக்குள் வைத்தால் மேல்தட்டு சூடேறிக் கருகும்.

ஒவ்வொரு வீட்டிலும் இந்த வரிசையில் கூடுதல் குறைவு இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு மாதிரிச் செய்தால் அதையே பின்பற்றுங்கள்.

9. வீடு முழுவதும் காட்டுதல்

பூசையறையில் தொடங்கி, அறை அறையாகப் போய், வாசலில் முடியுங்கள். ஒவ்வொரு அறையிலும் மூலைகளில் அரை நிமிடம் நின்றால் போதும். மறுகையால் புகையைத் தள்ளிவிட வேண்டாம், அது தானே பரவும்.

சமையலறைக்குள் நுழையும் முன் கேஸ் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் பக்கம் குனிந்து காட்ட வேண்டாம். துணி அலமாரிக்குள் தூபக்காலை நுழைக்காதீர்கள். கதவைத் திறந்துவைத்து வெளியே நின்று காட்டினாலே துணியில் மணம் ஏறும். தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகள் பின்னாலேயே வருவார்கள். அவர்கள் கையில் மணியைக் கொடுத்து முன்னால் நடக்கவிடுங்கள், கண்ணெதிரே இருப்பார்கள்.

10. தியானத்துக்கு

ஊதுபத்தி ஒன்றே ஒன்று. உட்காரும் இடத்திலிருந்து நாலடி தள்ளி, பக்கவாட்டில், மூக்கு மட்டத்துக்குக் கீழே. முகத்துக்கு நேர் எதிரே வைத்தால் புகைக்கோடு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், கவனம் அதன் பின்னால் போகும்.

பற்ற வைத்ததும் சுவாலையைக் கையால் விசிறி அணைத்து, நுனி சீராகச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருபக்கம் மட்டும் சிவந்தால் பாதியில் நின்றுவிடும். இன்னொரு முறை நெருப்புக் காட்டுங்கள்.

நேரத்தை அளக்க மணிக்கூண்டு மாதிரி இதையே பயன்படுத்தலாம். நீங்கள் வாங்கும் பத்தி எவ்வளவு நேரம் எரிகிறது என்று ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். நாற்பது நிமிடம் எரிகிற பத்தி என்றால், இருபது நிமிடத் தியானத்துக்கு மணம் பூசிய பகுதியில் பாதியை முன்பே ஒடித்து எடுத்துவிடுங்கள். வாசனை குறையத் தொடங்கும்போது நேரம் முடிகிறது என்று உள்ளுக்குள் தெரியும். அலாரச் சத்தத்தில் திடுக்கிட்டு எழ வேண்டியதில்லை.

புகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான் சொல்வது வேறு. உட்காருவதற்குக் கால்மணி முன்பு ஏற்றி, ஐந்து நிமிடத்தில் நுனியை மணலில் குத்தி அணைத்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து புகை போனபின் உட்காருங்கள். சுவரிலும் துணியிலும் தங்கியிருக்கும் மிச்ச மணமே போதும். எனக்கு இந்த முறைதான் மிகவும் பிடித்திருக்கிறது. பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்க உட்காருகிறோம், அந்த மூச்சில் புகையை நிரப்பிக்கொள்வானேன்?

11. தசாங்கமும் கப் சாம்பிராணியும்

தசாங்கப் பொடியோடு ஒரு கூம்பு அச்சுத் தருவார்கள். பொடியை அதில் மூன்று தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் இறுக்கி அழுத்துங்கள். தளர்வாக இருந்தால் கவிழ்த்ததும் உதிரும், அல்லது பாதி எரிந்து அணையும். தட்டில் கவிழ்த்து, அச்சின் தலையில் ஒரு தட்டுத் தட்டி மெதுவாக மேலே உருவுங்கள். நுனியில் சிறு கற்பூரத் துணுக்கை வைத்துப் பற்ற வைத்தால் ஒரே முறையில் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பொடி நமத்துப்போயிருந்தால் தட்டில் பரப்பி வெயிலில் ஒருமணி நேரம் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கப் சாம்பிராணியின் விளிம்பைப் பற்ற வைத்து, விளிம்பு முழுவதும் சிவந்த பிறகு விட வேண்டும். அடிப்பக்கம் கடைசியில் மிகவும் சூடாகும். கூடவே வரும் தகரத் தட்டை மட்டும் நம்பி மேசையில் வைக்காதீர்கள், கீழே ஓடு வையுங்கள்.

12. அணைத்தல், சாம்பல் அள்ளுதல்

கங்கு அணைந்த மாதிரி தெரிந்தாலும் சாம்பலுக்குள் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரவு ஒன்பது மணிக்குச் சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் படுத்தார்கள். பதினொரு மணிக்கு வாடை வந்து எழுந்து பார்த்தால் தொட்டியின் அடி உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் செய்தித்தாள் கட்டு. நல்லவேளை, அதற்குத் தீ தாவவில்லை.

முடிந்ததும் கங்கின் மேல் சாம்பலை மூடி, தூபக்காலைப் பால்கனியிலோ சமையல் மேடைக் கல்லின் மேலோ, காற்று வீசாத இடத்தில் விட்டுவிடுங்கள். சூடான பித்தளையிலும் மண்ணிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண் வெடிக்கும், வெந்நீர் ஆவி கையில் அடிக்கும். உடனே அணைத்தே ஆக வேண்டுமென்றால் இடுக்கியால் கங்கை மட்டும் எடுத்துத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

மறுநாள் காலையில் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ச் சூடில்லை என்று உறுதி செய்த பிறகு சலியுங்கள். மேலே நிற்கும் கறுத்த பிசின் கட்டிகளை எறிந்துவிடுங்கள், அவை அடுத்த வாரம் மறுபடி கருகி வாடை தரும். பாதி எரிந்த கரித் துண்டுகளை எடுத்து வையுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கங்கானவை என்பதால் புதுக் கரியைவிடச் சீக்கிரம் பிடிக்கும், அவற்றை அடியில் அடுக்கினால் மூட்டும் நேரம் குறையும். கீழே இறங்கிய மெல்லிய சாம்பல்தான் அடுத்த வெள்ளிக்கான மெத்தை. அதைத் தூபக்காலிலேயே பரப்பி மூடி வைத்துவிடுங்கள்.